நாலு கிரவுண்டு சதுப்பு

செசபீக் விரிகுடாவின் நீல நண்டு முழு வளர்ச்சி அடைவதற்குள் ஏறக்குறைய 20 தடவை ஓட்டைக் கழற்றிப் போட வேண்டும். உடம்பு வளரும், ஓடு வளராது. பழைய ஓட்டின் பின்விளிம்பு விரிசல் விட, நண்டு அதன் வழியாகப் பின்வாக்கில் நெளிந்து நெளிந்து வெளியேறும். கால் நுனி, கண் காம்பு, செவுளின் மடிப்பு என்று ஒவ்வொன்றையும் உறையிலிருந்து உருவியாக வேண்டும். வந்த கையோடு தண்ணீரை உறிஞ்சி உடம்பை உப்பவைத்துக்கொள்ளும். புது ஓடு இறுகச் சில மணி நேரம் முதல் இரண்டொரு நாள் வரை பிடிக்கும். அதுவரை கொடுக்கு இருக்கும், பிடி இருக்காது. விலாங்கு வந்தால் தின்றுவிடும். பக்கத்தில் இருக்கும் இன்னொரு நண்டே தின்றுவிடும். தப்பிக்க அதற்குத் தெரிந்த வழி ஒன்றுதான்: ஆழமில்லாத தண்ணீரில், புல் மண்டிய இடம் பார்த்து நுழைந்துகொள்வது.

பால்டிமோர் உள்துறைமுகத்துக்கு வந்து சேரும் நண்டுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மேரிலாந்து மாநிலத்தில், படாப்ஸ்கோ ஆறு செசபீக் விரிகுடாவோடு கலக்கும் கழிமுகத்தில் 1729-இல் உருவான ஊர் அது. தொடக்கத்தில் நகரத்துக்கும் ஜோன்ஸ் ஃபால்ஸ் ஓடைக்கும் நடுவே சதுப்பு பரந்து கிடந்தது. கப்பல்கள் அணைய ஆழம் வேண்டும், கிடங்கு கட்ட நிலம் வேண்டும். இரண்டு தேவைக்கும் ஒரே வேலை போதுமானதாக இருந்தது. கடலடி மண்ணைத் தோண்டி எடுத்துச் சதுப்பில் கொட்டினார்கள். கொட்டிய மண் சரிந்து விழாதிருக்க மரத்தாலும் கல்லாலும் பிறகு எஃகாலும் கான்கிரீட்டாலும் செங்குத்தாகச் சுவர் எழுப்பினார்கள். ஓடையின் கீழ்ப்பகுதியை நிலத்தடிக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, மேலே விரைவுச்சாலை போட்டார்கள். இன்று உள்துறைமுகத்தின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தால் காலடியில் சுவர், சுவரடியில் நேராகப் பல அடி ஆழத் தண்ணீர். முழங்கால் அளவு தண்ணீர் என்று ஓர் இடம் கிடையாது.

இந்த ‘முழங்கால் அளவு’தான் இந்த அத்தியாயத்தின் விஷயம். துறைமுகம் கெட்டுப்போனது என்றால் சாக்கடை, எண்ணெய்ப் படலம், மிதக்கும் குப்பை இவைதான் நினைவுக்கு வரும். அவை உண்மை. ஆனால் நாளைக்கே தண்ணீர் பளிங்காக மாறினாலும், ஓடு கழற்றிய நண்டுக்கு அங்கே ஒளிய இடம் இருக்காது. கரையும் நீரும் கலக்கும் சரிவை நகரம் துடைத்துவிட்டிருக்கிறது. அந்தச் சரிவைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி? சுவரை இடித்தால் கட்டடங்கள் சரியும். மண்ணைக் கொட்டிச் சரிவு அமைக்கலாம் என்றால், அவ்வளவு ஆழத்திலிருந்து மேலே வருவதற்குள் அது துறைமுகத்தின் பாதியை விழுங்கிவிடும். கீழிருந்து கட்ட முடியாததை மேலிருந்து மிதக்கவிடலாம் என்பதுதான் மிதக்கும் சதுப்பின் யோசனை.

1981-இல் திறக்கப்பட்ட பால்டிமோரின் தேசிய மீன் காட்சியகம் இந்தத் துறைமுகத்தின் 3-ஆம், 4-ஆம் மேடைகளின் மேல் நிற்கிறது. அந்த இரண்டு மேடைகளுக்கும் இடையே உள்ள நீர்வழியில் 2024 ஆகஸ்டில் 10,000 சதுர அடிச் சதுப்பு ஒன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சென்னைக் கணக்கில் நாலு கிரவுண்டுக்குச் சற்று மேல். செலவு சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர். அதில் நடப்பட்ட புற்களும் செடிகளும் 32,000-க்கு மேல். இடையிடையே மிதக்கும் நடைபாதை. உள்ளே போகக் கட்டணம் இல்லை.

நாலு கிரவுண்டுக்கு இவ்வளவு பணமா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. விடை பெரும்பகுதி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

முதல் முயற்சிகள் மலிவாகவே நடந்தன. 2010-இல் பால்டிமோரின் நீர்முனைக் கூட்டமைப்பு துறைமுகத்தை மீட்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பத்தாண்டுகளில் நீந்தவும் மீன்பிடிக்கவும் தக்கதாகத் துறைமுகத்தை மாற்றுவது என்பது இலக்கு. அந்தக் காலத்தில்தான் சின்னச் சின்ன மிதக்கும் சதுப்புத் திட்டுகளை இறக்கிப் பார்த்தார்கள். துறைமுகத்தில் மிதந்து வந்த பிளாஸ்டிக் பாட்டில்களையே பொறுக்கி மிதவையாகக் கட்டி, அதன் மேல் நார்ப்பாய் விரித்து, புல் நட்ட திட்டுகளும் அவற்றில் உண்டு. பார்க்க அழகு, செலவும் குறைவு, பள்ளிப் பிள்ளைகளை வைத்தே செய்துவிடலாம்.

ஆனால் சதுப்பு என்பது வளரும் பொருள். ஒருமுறை கட்டி இறக்கிவிட்டால் எடை அப்படியே இருக்கும் படகு அல்ல அது. புல் தடிக்கும், வேர் கனக்கும், நார்களுக்குள் வண்டல் சிக்கும், அடிப்பக்கம் முழுக்கச் சிப்பியும் கொட்டலசும் ஒட்டும். ஒன்பதாம் வகுப்பு ஆர்க்கிமிடீஸை இங்கே கொஞ்சம் கூப்பிட வேண்டும். 10,000 சதுர அடி என்பது சுமார் 930 சதுர மீட்டர். அவ்வளவு பெரிய கெட்டிப் பலகை ஒன்று 1 செ.மீ. கூடுதலாக அமிழ வேண்டுமானால் 9.3 டன் சுமை ஏற வேண்டும். இது தாராளமான கணக்கு. ஆனால் நார்ப்பாய் கெட்டிப் பலகை அல்ல. அதன் துளைகளில் தண்ணீர் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. உண்மையில் தாங்கிப் பிடிப்பது அடியில் உள்ள மிதவைகள் மட்டும்தான். நீர்மட்டத்தில் அவற்றின் பரப்பு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், ஒரு டன்னுக்கும் குறைவான சுமையே தீவை 1 செ.மீ. இறக்கிவிடும். மிதவைகள் முழுக்க நீருக்குள் முங்கியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஒட்டுகிற சிப்பியின் எடையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிப்பியின் சதை ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்தி, ஆகவே நீருக்குள் அது சுமையே அல்ல. ஓடு கால்சியம் கார்பனேட், தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம். ஒரு கிலோ ஓடு நீருக்குள் சுமார் 630 கிராம் சுமையாக இழுக்கும். அடிப்பக்கம் இப்படிச் சலுகை கொடுக்கிறது. மேலே வளரும் புல்லும், குளிர்காலத்தில் அதன் மேல் விழும் பனியும் முழு எடையையும் தீவின் தலையில் வைக்கின்றன.

ஒன்றிரண்டு செ.மீ. இறங்கினால் என்ன குடி முழுகிப்போகும்? சதுப்பில் குடிதான் முழுகும். செசபீக் கரையின் இயற்கைச் சதுப்பைப் பார்த்தால் இது விளங்கும். நீரோரத்தில், ஒவ்வொரு ஓதத்திலும் நனையும் மட்டத்தில், ஸ்பார்ட்டினா ஆல்டெர்னிஃப்ளோரா என்ற உயரப் புல் நிற்கும். அதன் இலையை இரண்டு விரலால் நீவிப் பாருங்கள், நறநறவென்று வெள்ளைத் துகள் ஒட்டும். உப்பு. வேரிலேயே பெரும்பகுதியைத் தடுத்துவிட்டு, மீறி உள்ளே வந்ததை இலைமேல் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடும் செடி அது. தண்டு நெடுகக் காற்றறைகள் வேறு. இலை உறிஞ்சும் ஆக்சிஜன் அந்த அறைகள் வழியாகச் சேற்றுக்குள் புதைந்த வேர்வரை போய்ச் சேரும். அதற்குச் சற்று மேலே வேறொரு புல்லின் ஆட்சி: ஸ்பார்ட்டினா பேட்டன்ஸ். மெல்லிய தாளுடையது, காற்றடித்துச் சாய்ந்து பாயாகப் படுக்கும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதங்களில் மட்டும் நனையும். அந்தக் காலத்தில் இதை அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். இன்னும் சற்று மேட்டில் நம் செம்பருத்தியின் உறவுக்காரச் செடி உள்ளங்கையை மிஞ்சும் பூக்களோடு நிற்கும். பால்டிமோரில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் மொத்தமே ஓரடிக்குக் கொஞ்சம் கூடுதல். அந்த ஓரடிக்குள்தான் இத்தனை பாகப்பிரிவினையும். தீவு 10 செ.மீ. இறங்கினால் மேட்டுச் செடிகள் அழுகும், 10 செ.மீ. ஏறினால் நீரோரச் செடிகள் காயும்.

இதில் ஒரு விசித்திரமும் இருக்கிறது. மிதக்கும் தீவு ஓதத்தோடு சேர்ந்தே ஏறி இறங்குகிறது. ஆகவே அதன் மேல் நிற்கும் புல்லுக்கு ஓதம் என்பதே கிடையாது. ஓதத்தால் உருவான செடிகளை, ஓதமே இல்லாத ஒரு நிலையான நீர்மட்டத்தில் குடிவைக்கிறோம். இயற்கைச் சதுப்பில் தண்ணீர் ஒரு நாளில் இரண்டு தடவை உள்ளே வந்து, குப்பையை அலசி, புது ஆக்சிஜன் கொடுத்து, குஞ்சு மீன்களை உள்ளே விட்டுத் திரும்பிப் போகும். தீவில் அந்த வேலையை யார் செய்வது?

மீன் காட்சியகத்தார் 2017-இல் ஒரு மாதிரித் தீவை இறக்கிச் சில ஆண்டுகள் கவனித்துவிட்டு, இந்த இரண்டு சிக்கலுக்கும் தீர்வு கண்டார்கள். இரண்டும் காற்றில்தான் இருக்கின்றன. மிதவைகள் நுரை அடைத்த மூடிய கட்டிகளாக இல்லாமல், காற்றைக் கூட்டவும் குறைக்கவும் வழியுள்ள குழல்களாக அமைக்கப்பட்டன. சிப்பி கனத்துத் தீவு இறங்கினால் மிதவைக்குள் இருக்கும் தண்ணீரைத் தள்ளிக் காற்றை ஏற்றலாம். நீர்மூழ்கிக் கப்பலின் தொட்டி வேலை செய்யும் விதிதான். தீவு வயதாக வயதாக அதன் உயரத்தை ஆட்கள் திருத்திக்கொண்டே இருக்கலாம்.

இரண்டாவது தீர்வு நம் ஊர் விவசாயிக்கு நன்றாகத் தெரிந்தது. ஆழ்துளைக் கிணற்றில் கம்ப்ரசர் போட்டுத் தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். குழாயின் அடியில் காற்றைச் செலுத்தினால் குமிழி கலந்த தண்ணீர் லேசாகிவிடும், சுற்றியுள்ள கனத்த தண்ணீர் அதை மேலே தள்ளும். பால்டிமோர் தீவின் நடுவே சதுப்பு ஓடையைப் போல ஆழமில்லாத வாய்க்கால் ஓடுகிறது. அதில் தண்ணீரை நகர்த்துவது இதே தத்துவம்தான். சுழலும் இறக்கை கிடையாது, ஆகவே மீன் குஞ்சு நசுங்காது. குமிழி ஏறும்போது ஆக்சிஜனும் கரையும். ஓதம் செய்த வேலையில் ஒரு பங்கை மின்சாரம் செய்கிறது. மின்சாரத்தில் ஓடும் சதுப்பு என்று சொன்னால் இயற்கை ஆர்வலர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். மூன்று பக்கமும் சுவர் எழுப்பிய பிறகு இதில் தூய்மைவாதம் பேசுவதில் பொருளில்லை என்பது என் எண்ணம்.

செடிகள் வேர்விடும் பாய் மண்ணால் ஆனதல்ல. மறுசுழற்சி செய்த பிளாஸ்டிக்கைக் கம்பியாக இழுத்து, பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி முறுக்கி, அடுக்கடுக்காக ஒட்டிய தடித்த பாய். அதில் நட்ட இளம் செடிகளைக் கனடா வாத்துகள் வேரோடு பிடுங்கித் தின்னும் என்பதால் முதல் பருவத்தில் கயிறும் வலையும் கட்டிக் காக்க வேண்டியிருக்கும். மிதக்கும் சதுப்புக்குச் சீக்கிரமே வந்துவிடும் விருந்தாளி வாத்து.

மனிதன் கட்டாத மிதக்கும் சதுப்பும் உண்டு. மணிப்பூரின் லோக்டாக் ஏரியில் ‘பும்டி’ என்று சொல்லப்படும் மிதக்கும் தாவரப் பாய்கள் சில இடங்களில் 2 மீட்டர் தடிப்பில் கிடக்கின்றன. ஐந்தில் ஒரு பங்கு வெளியே தெரியும், மீதி நீருக்குள். கைபுல் லம்ஜாவோ தேசியப் பூங்காவில் சங்காய் மான்கள் நடப்பது இந்தப் பாயின் மேல்தான். கோடையில் ஏரி வற்றும்போது பாய் தரைதட்டும். அப்போது வேர்கள் அடிமண்ணில் ஊன்றிச் சத்தை எடுத்துக்கொள்ளும். மழை வந்ததும் மறுபடி மிதக்கும். 1983-இல் இதாய் தடுப்பணை வந்து, மின் உற்பத்திக்காக ஏரியில் ஆண்டு முழுக்க நீர்மட்டம் உயர்த்தி வைக்கப்பட்டது. பாய் தரைதட்டுவது நின்றது. சத்து கிடைக்காமல் மெலிந்து, மானின் குளம்பைத் தாங்காத அளவுக்குப் போன இடங்கள் உண்டு. மிதக்கும் சதுப்புக்கும் ஏதோ ஒரு வகையில் தண்ணீரின் ஏற்ற இறக்கம் வேண்டியிருக்கிறது. அதை நிறுத்தினால் வேறு வழியில் ஈடு கட்டியாக வேண்டும். பால்டிமோரில் ஈடு கட்டுவது கம்ப்ரசர்.

இனி எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். இது துறைமுகத்தைச் சுத்தம் செய்யுமா?

ஓரளவுக்குச் செய்யும். அதைச் செய்வது செடி என்பதைவிடச் செடியின் வேரில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் என்பதே சரி. பாய்க்குக் கீழே தொங்கும் வேர்களைக் கையில் எடுத்தால் வழவழவென்று ஒரு படலம் இருக்கும். அந்தப் படலத்தின் வெளிப்புறத்தில் ஆக்சிஜன் உண்டு. அங்கே உள்ள பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி உள்ளே போனால் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டைப் பிடித்து, சாதாரண நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு ஏற்கெனவே அதுதான், யாருக்கும் தொல்லையில்லை. பாஸ்பரஸுக்கு இப்படித் தப்பிக்கும் வழி இல்லை. செடி அதை உறிஞ்சும், இலையுதிர் காலத்தில் இலை மக்கும்போது திரும்பத் தண்ணீரில் விடும். அறுத்து வெளியே கொண்டுபோனால்தான் கணக்கில் கழியும். அறுத்தால் குளிர்காலத்தில் பறவைக்கும் பூச்சிக்கும் மறைவு இல்லாமல் போகும். சுத்திகரிப்பு நிலையமா, வாழிடமா என்று இங்கே ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டியிருக்கிறது.

அளவைப் பார்த்தால் பதில் தெளிவாகும். செசபீக் விரிகுடாவுக்குள் எவ்வளவு நைட்ரஜன் வரலாம் என்று 2010-இல் கூட்டாட்சி அரசு உச்சவரம்பு விதித்த பிறகு, ஒவ்வொரு தடுப்பு முறைக்கும் எவ்வளவு மதிப்பெண் கொடுக்கலாம் என்று வல்லுநர் குழுக்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டன. மழைநீர்க் குளத்தின் பாதிப் பரப்பை மிதக்கும் சதுப்பால் மூடினாலும் நைட்ரஜனில் குறைவது ஒற்றை இலக்கச் சதவீதம்தான் என்று மதிப்பிட்டார்கள். அது அசையாத குளம். துறைமுகத்திலோ தீவு மூடியிருப்பது மொத்தப் பரப்பில் துணுக்கு. தண்ணீரோ ஓதத்தோடு நகர்ந்துகொண்டே இருக்கிறது.

அழுக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இன்னும் புரியும். 1904-இல் பால்டிமோரின் நடுநகரம் பெருந்தீயில் எரிந்து 1,500 கட்டடங்களுக்கு மேல் அழிந்தன. அதுவரை நகரத்துக்கு முறையான சாக்கடையே இல்லை. அதன்பின் போட்ட குழாய்களில்தான் நகரம் நூறாண்டுகள் ஓட்டியது. மழைநீரும் கழிவுநீரும் தனித்தனிக் குழாய்களில் போகும்படி அவர்கள் அமைத்தது முன்யோசனைதான். ஆனால் பழைய குழாய்கள் விரிசல் விட்டு ஒன்றுக்குள் ஒன்று கசிந்தன. 2002-இல் நகர நிர்வாகம் நீதிமன்ற ஒப்பந்தத்துக்கு உட்பட்டுப் பழுது பார்க்க ஒப்புக்கொண்டது. பேக் ரிவர் சுத்திகரிப்பு நிலையத்தின் நுழைவாயிலில் இருந்த ஒரு கோளாறால் நகரத்துக்கு அடியில் 16 கிலோமீட்டர் நீளத்துக்குக் கழிவுநீர் தேங்கிப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. மழை பெய்தால் அது ஜோன்ஸ் ஃபால்ஸில் வழிந்துவிடும். அந்த ஒரு கோளாறைச் சரிசெய்ய 43 கோடி டாலர் செலவானது. பூமிக்கு அடியில் நடந்த அந்த வேலையைப் பார்க்க யாரும் நடைபாதை போடவில்லை. 2024 ஜூனில் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு முதல் தடவையாகப் பொதுமக்கள் ஏற்பாட்டோடு துறைமுகத் தண்ணீரில் குதித்து நீந்தினார்கள் என்றால், புண்ணியம் அந்தப் பம்புகளுக்கும் குழாய்களுக்கும்தான்.

தீவின் எல்லையை இயற்கையும் ஒருமுறை காட்டியது. 2025 கோடையின் இறுதியில் துறைமுகம் பிஸ்தா நிறத்துக்கு மாறியது. நடந்தது இதுதான். உரமும் கழிவும் தந்த சத்தில் மேல்மட்டத்தில் பாசி பெருகும், சாகும், அடியில் படியும். அதை மக்கவைக்கும் பாக்டீரியாக்கள் அடித்தண்ணீரின் ஆக்சிஜனைத் தின்று தீர்க்கும். லிட்டருக்கு 5 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் மீன் நிம்மதியாக இருக்கும், 2-க்குக் கீழே போனால் ஓடப் பார்க்கும். ஆக்சிஜன் அறவே இல்லாத அடியில் கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் பாக்டீரியாக்கள் செழிக்கும். மேலே வெயிலில் சூடான தண்ணீர் மூடிபோல உட்கார்ந்திருக்கும்வரை இந்த அடித்தண்ணீர் வெளியே தெரியாது. இரவுகள் திடீரென்று குளிர்ந்தால் மேல்தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும், அடித்தண்ணீர் மேலே வரும். அழுகிய முட்டை வாடையோடு பால்பச்சையாக அது எழும்பியபோது மீன்கள், முக்கியமாக நம் மத்திக்கு உறவான மென்ஹேடன்கள், செத்து மிதந்தன. நாலு கிரவுண்டுக் குமிழிகளால் முழுத் துறைமுகத்துக்கும் மூச்சுக் கொடுத்துவிட முடியாது.

சுத்தம் செய்யும் இயந்திரம் என்று விற்றால் இந்தத் தீவு தோற்றுப்போகும். இழந்த விளிம்பு என்று பார்த்தால் கதை வேறு. மாதிரித் தீவிலேயே ஆற்று நீர்நாய் வந்து மீன் தின்றுவிட்டுப் போனது. இரவில் வக்கா வந்து ஓரத்தில் நின்றது. நம் ஏரிக்கரைகளில் ‘குவாக்’ என்று கத்திக்கொண்டு அந்தியில் பறக்குமே, அதே வக்கா, அதே இனம். சுவரில் நின்று அதனால் மீன் பிடிக்க முடியாது, அதன் காலுக்கு ஆழமில்லாத தண்ணீர் வேண்டும். சர்காசோ கடலில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து வந்த விலாங்குகள் வேர்களுக்குள் நுழைந்தன. நீல நண்டும் வந்தது.

கணக்கெடுப்பவர்கள் சிப்பி ஓடு நிரப்பிய கம்பிக் கூடைகளை நீரில் தொங்கவிட்டு, கொஞ்ச நாள் கழித்துத் தூக்குகிறார்கள். கூடையைத் தட்டில் கவிழ்த்தால் கண்ணாடி போன்ற புல் இறால்கள் துள்ளும். சுண்டுவிரல் நகத்தளவு சேற்று நண்டுகள் நாலாபுறமும் ஓடும். சிப்பி ஓட்டின் உட்குழிவில் ஒரு சின்ன உளுவை முட்டையைக் காத்துக்கொண்டு அசையாமல் இருக்கும். ஓடுகளின் மேல் கொத்துக்கொத்தாகக் கறுப்புக் கலந்த பழுப்புச் சிப்பி. பெயர் மைட்டிலோப்சிஸ் லியூகோஃபியேட்டா. விரற்கடை நீளம்கூட வராது, ஆனால் ஒவ்வொன்றும் தண்ணீரை வடிகட்டிக்கொண்டே இருக்கும். 2004-இல் பால்டிமோருக்குத் தெற்கே மகோத்தி ஆற்றில் இது திடீரென்று கோடிக்கணக்கில் பெருகி, கலங்கிக் கிடந்த தண்ணீரை ஒரே பருவத்தில் தெளியவைத்தது. வெளிச்சம் அடிவரை போக, நீருக்கடியில் புல்லும் தழைத்தது. சிப்பி குறைந்ததும் பழைய கலங்கல் திரும்பியது. தீவின் எடையை ஏற்றி வில்லனாக வந்த சிப்பி வேறு யாருமல்ல, இதுதான். தீவு செய்யும் சுத்திகரிப்பில் செடியைவிட இதன் பங்கு பெரிதாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்த இடத்தில் எண்ணூரையும் பழவேற்காட்டையும் சொல்லாமல் விட முடியாது. அங்கேயும் ஒரு சிப்பி உண்டு, மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்வது: மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்தது. கப்பல்களோடு இங்கே வந்து சேர்ந்ததாகக் கருதப்படுகிறது. பால்டிமோரில் அந்த மண்ணுக்கே உரிய சிப்பி தண்ணீரைத் தெளியவைக்கிறது. இங்கே வந்தேறிய காக்கா ஆழியோ கழிமுகத்தின் அடித்தரையில் பாய்விரித்தாற்போலப் படர்ந்து, இறால் மேயும் சேற்றை மூடி, மஞ்சள் மட்டியை நெருக்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் கையைக் கிழிக்கிறது.

மிதக்கும் சதுப்பை வாங்கி வந்து எந்தத் துறைமுகத்திலும் இறக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பால்டிமோரில் நட்ட உயர ஸ்பார்ட்டினாவே சீனக் கரையிலும் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலும் சேற்றுவெளிகளை ஆக்கிரமித்து, பிடுங்கி எறியப் பெரும்பணம் செலவழிக்க வைக்கும் களை. எண்ணூரில் ஒரு தீவு இறக்குவதானால் அதில் நடவேண்டியது நம் கழிமுகத்தின் உமரியும் கோரையும் அலையாத்திக் கன்றும். அலையாத்தி புல்லல்ல, மரம். ஆண்டுக்காண்டு ஏறும் அதன் எடைக்கு மிதவையை வேறு கணக்கில் போட வேண்டும். பனிக்குப் பதில் புயல் வரும். எல்லாவற்றுக்கும் முன்னால், நார்ப்பாயும் மிதவையும் நீரில் இறங்கிய சில வாரங்களிலேயே காக்கா ஆழியின் குஞ்சுகள் அதில் ஒட்ட ஆரம்பித்துவிடும். அது நிழலும் இடமும் குமிழி ஆக்சிஜனும் கிடைக்கும் இடம். அடித்தரையில் அதைச் சுரண்டி எடுக்கவே வழி தேடிக்கொண்டிருக்கும் ஊரில், நீர்மட்டத்தில் அதற்கு நாலு கிரவுண்டு ஒதுக்கிக் கொடுத்ததாகிவிடும். மிதவையை அவ்வப்போது கரையேற்றிச் சுரண்டிக் காயவைக்கும்படி துண்டு துண்டாகக் கட்டலாமா, அடிப்பக்கத்தை எந்தப் பொருளால் செய்தால் அது குறைவாக ஒட்டும் என்பதையெல்லாம் இங்கே, இந்தத் தண்ணீரில், சின்ன மாதிரிகளை இறக்கித்தான் பார்க்க வேண்டும். பால்டிமோரில் முதல் திட்டுகளிலிருந்து இன்றைய தீவு வரை வந்துசேரப் பதினான்கு ஆண்டுகள் ஆயின.